பல்பு இல்லாத விளக்கு

ராத்திரி ஏழே முக்கால் மணி. பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரே நேர் ரோடு. இரண்டு பக்கமும் காலி மனைகள். கல் நட்டு நம்பர் எழுதி வைத்திருப்பார்கள், வீடு மட்டும் இருக்காது. கம்பங்கள் உண்டு, விளக்கு இன்னும் மாட்டவில்லை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

நடந்து வந்தவன் யார் என்று கேட்பீர்கள். என் கூட்டாளி ஒருவர் தச்சர். அவருடைய சகலை.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் டைல்ஸ்காரர். "பேய்க் கதைன்னாலே கூட்டாளியோட சகலை, சித்தப்பாவோட மச்சான். சொல்றவனுக்கு நேரா ஒண்ணும் நடக்காதே."

"கேட்க இஷ்டமில்லன்னா வெளிய மழையில போய் நில்லுய்யா" என்றேன். அவர் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கித்தான் உட்கார்ந்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் கட்டி முடியாத ஒரு வீடு. நாங்கள் நாலு பேர்... டைல்ஸ்காரர், பிளம்பர், வாட்ச்மேன், பெயிண்டரான நான். மழை விடவில்லை, கரண்ட் இன்னும் கொடுக்கவில்லை. காலி பெயிண்ட் டப்பாவுக்குள் ஒரு டார்ச்சை நிமிர்த்தி வைத்திருந்தோம். அந்த வெளிச்சம் நேராக மேலே போய் சீலிங்கில் விழுந்தது. அன்று காலையில்தான் அதில் விளக்குக்காக வட்ட வட்டமாக ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது.

அந்தச் சகலை ஒரு எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கல்யாண போட்டோவில்கூட டெஸ்டரோடுதான் நிற்கிறான். அதனால் எல்லோரும் அவனை டெஸ்டர் என்றே கூப்பிடுவோம். அன்றைக்கு வீட்டில் யாரும் கிடையாது. மாமனார் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மனைவியும் மாமியாரும் தச்சர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டியிருக்கிறது, சாவி இவன் பையில்.

ஆனால் முன்னறை ஜன்னலில் வெளிச்சம்... மங்கலாக.

அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு எட்டு வைத்தான். அப்புறம் நின்றுவிட்டான். அந்த அறையில் எட்டு விளக்கு, எட்டுக்கும் ஒரே சுவிட்ச். எரிந்தால் எட்டும் எரிய வேண்டும். இது ஒரே ஒரு விளக்கின் வெளிச்சம். ஜன்னலின் ஓரத்தில், சுவரை ஒட்டி. அந்த இடத்தில் ஒரு விளக்கு இருப்பது உண்மைதான், இவனே மாட்டியது. ஒன்பதாவது. அதற்கு ஒயர் கிடையாது. உள்ளே பல்பும் கிடையாது.

ஒயரும் பல்பும் இல்லாத விளக்கை ஒரு எலக்ட்ரீஷியன் தன் வீட்டிலேயே ஏன் மாட்டினான்? அதுதான் கதை. பேய் அப்புறம்தான்.

வீடு கட்டி இரண்டு வருஷம் ஆகியும் முன்னறையில் ஒரே ஒரு குண்டு பல்புதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஜொலிக்க வைக்கிறவனுக்குத் தன் வீட்டுக்கு நேரமில்லை. சிரிக்காதீர்கள், என் வீட்டுச் சுவரை வந்து பாருங்கள். கடைசியில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தான். ஜிப்சம் போர்டு சீலிங் ஏற்கெனவே போட்டிருந்தது. அதில் சின்னச் சின்ன டவுன்லைட், பன்னிரண்டு வோல்ட். மெயின் கரண்ட் மேலே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும், அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒவ்வொரு விளக்குக்கும். தொட்டாலும் ஷாக் அடிக்காது. அவன் தூக்கத்தில் செய்கிற வேலை.

மாமனாரும் மாமியாரும் அவர்களோடுதான் இருந்தார்கள். மாமனார் பாலம் கட்டுகிற அலுவலகத்தில் நாற்பது வருஷம் படம் வரைந்தவர். அவர் கோடு போட்டால் அதன்மேல் ரயில் ஓடும். கொஞ்ச நாளாகச் சின்னச் சின்ன மறதி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். குழாயை மூட மறந்து இரண்டு முறை தொட்டி வழிந்தது. மகள்கள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். தாழ்த்திப் பேசியது அவருக்கும் தெரிந்திருந்தது.

அதனால்தான் விளக்குப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முன்னால் வந்தார்.

"மார்க்கிங் நான் பண்றேன் மாப்பிள்ளை. நீங்க வெட்டுங்க."

ஒரு காலை முழுக்க ஏணியில் ஏறி இறங்கினார். ஊசி மாதிரி சீவிய பென்சில், தன்னுடைய ஸ்டீல் டேப். எட்டு இடத்தில் எட்டுக் குட்டிப் பெருக்கல் குறி. "சுவத்துலேர்ந்து ரெண்டடி. எந்தப் பக்கம் அளந்தாலும் ரெண்டடிதான் வரும், வேணும்னா அளந்து பாருங்க" என்றார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. எனக்கு இன்னும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கே சொன்ன மாதிரி. அது டெஸ்டருக்கும் புரிந்தது. புரிந்துதான் அடுத்ததைச் செய்தான்... அதை மறந்துவிடாதீர்கள்.

ஏழு ஓட்டை கச்சிதமாக வந்தது. எட்டாவதற்கு ஏணியை நகர்த்தினான். மேலெல்லாம் ஜிப்சம் தூசி. ஈரத் துணியால் சீலிங்கைத் துடைத்தான். தூசியோடு பெருக்கல் குறியும் போய்விட்டது.

"மாமா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவர் அடுத்த அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொடுக்கவில்லை. தன் பையிலிருந்த டேப்பை எடுத்தான். அதில் முனைக் கொக்கி உடைந்திருந்தது. கொக்கி உடைந்தால் நம்மாட்கள் என்ன செய்வோம்? டேப்பில் ஒரு அடி என்று எழுதியிருக்கிற இடத்தைச் சுவரில் வைத்துப் பிடிப்போம்.

"பிடிச்சு, கடைசியில ஒண்ணு கூட்டிக்கணும்" என்றார் பிளம்பர். "ரெண்டடி வேணும்னா மூணுல மார்க் போடணும்."

"ரெண்டுல போட்டான்."

"ஐயையோ" என்றார் பிளம்பர். தொழிலுக்குத் தொழில் தெரியும்.

கிர்ர்ர்ர்... வட்டத் துண்டு கையில் விழுந்தது. கீழே இறங்கிப் பார்த்தான். ஏழும் ஒரு ஒழுங்கில் இருக்க, எட்டாவது மட்டும் ஒரு அடி தள்ளி, சுவரோடு ஒட்டி. மாமனார் எப்போதும் உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே.

அந்த நேரம் பார்த்து மாமியார் டீ டம்ளரோடு வந்தார், பின்னாலேயே மனைவியும்.

"ஏன் மாப்பிள்ளை, இது மட்டும் தள்ளி இருக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கை தவறிவிட்டது அத்தை என்று சொன்னால் தீர்ந்தது. இருபது வருஷ எலக்ட்ரீஷியன், தன் வீட்டில், பெண்டாட்டி முன்னால் எப்படிச் சொல்வது? ஒரு நொடி. வாயில் வேறு வந்தது.

"மாமா போட்ட மார்க்லதான் அத்தை வெட்டினேன்."

மாமனார் எழுந்து வந்தார். அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டடில போட்டேனே..."

"இல்ல மாமா. ஒரு அடியில இருந்தது. நானும் கவனிக்காம வெட்டிட்டேன், என் தப்பும்தான்."

கவனித்தீர்களா? பொய் நிற்க வேண்டும் என்பதற்காகத் தப்பில் கொஞ்சம் தனக்கும் எடுத்துக்கொண்டான். அவ்வளவு நல்லவன்.

"அந்த வட்டத்தைக் குடுங்க மாப்பிள்ளை, என் மார்க் இருக்கான்னு பார்ப்போம்" என்றார் பெரியவர்.

வட்டம் இவன் கையில்தான் இருந்தது, முதுகுக்குப் பின்னால். "அது உடைஞ்சு போச்சு மாமா" என்றான். சொல்லிவிட்டுத்தான் விரலை மடக்கினான். பட் என்று ஒரு சின்னச் சத்தம். யாருக்கும் கேட்கவில்லை என்று இவன் நினைத்துக்கொண்டான்.

மாமியார் சிரித்தார். "ஆத்துக்குக் குறுக்கே பாலம் போட்ட மனுஷன். வீட்டுக்குள்ள ரெண்டடி அளக்கத் தெரியல." கிண்டல்தான், மனதில் ஒன்றும் கிடையாது. மகளும் சிரித்தாள். பெரியவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

சரியான இடத்தில் எட்டாவது ஓட்டையை மறுபடி வெட்டியாயிற்று. தப்பான ஓட்டையை என்ன செய்வது? பேட்ச் போட்டால் வட்டமாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் எட்டு விளக்குக்கு அளவானது, ஒன்பது ஏற்றினால் சூடாகும். பழைய வேலையில் மிஞ்சிய ஒரு வளையமும் பால்வெள்ளைக் கண்ணாடியும் பையில் கிடந்தது. ஸ்பிரிங்கை மடக்கி உள்ளே தள்ளினான். டக். பார்வைக்கு அதுவும் ஒரு விளக்கு. அப்படி வந்ததுதான் ஒன்பதாவது.

மறுநாள் காலையில் இவன் வேலைப் பையின் மேல் மாமனாரின் ஸ்டீல் டேப் இருந்தது.

"நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை. இனிமே நான் அளந்தா சரியா வராது."

அதன் பிறகு அவர் எதையும் நம்பவில்லை. தன்னையே நம்பவில்லை. "நான் சாப்பிட்டேனா?" என்று மனைவியிடம் கேட்பார், தட்டு இன்னும் எதிரில் இருக்கும். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார். தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு, வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து திரும்பி வருவார். மிச்ச நேரம் அந்த நாற்காலி. அண்ணாந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு.

டாக்டரிடம் கூட்டிப் போனதும் டெஸ்டர்தான். டாக்டர் என்னென்னவோ கேட்டார், பெரியவர் எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னார். வயதுக்கு மூளை நன்றாகத்தான் இருக்கிறது, பயம்தான் அதிகம் என்றார் டாக்டர்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"சீலிங்ல ஒரு மார்க் தப்பாப் போட்டேன் டாக்டர்" என்றார் பெரியவர். "அதுலேர்ந்து."

டெஸ்டர் பக்கத்து நாற்காலியில் இருந்தான். மடியில் ஃபைல். அங்கே சொல்லியிருக்கலாம். ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினான், அவிழ்த்துக் கட்டினான். வீடு வரும்வரை அதேதான். அதைத் தச்சரிடம் சொல்லும்போது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆமாம், நானும் கூட இருந்தேன்.

அஞ்சு மாதம். ஒரு மத்தியானம் அந்த நாற்காலியிலேயே தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம், கடைசிக் காலத்தில் மனுஷனுக்கு நிதானம் தப்பிவிட்டது என்று உறவுக்காரர்கள் விளக்குக் கதையைச் சொன்னார்கள். டெஸ்டர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு அடி மாத்திச் சொன்னதுக்கெல்லாம் மனுஷன் சாவானா?" என்றார் டைல்ஸ்காரர். குரலில் பழைய கிண்டல் இல்லை. போன மாதம் ஒரு குளியலறையில் தண்ணீர் ஓட்டம் தப்பிப்போனதற்கு இவர் கொத்தனாரைக் கை காட்டியது எனக்குத் தெரியும். நான் மட்டும் யோக்கியனா? நானும் யார் யாரையோ கை காட்டியவன்தான். கதையை மேலே நகர்த்தினேன்.

அந்த ராத்திரி டெஸ்டர் கதவைத் திறந்தான். பூட்டு சரியாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு வாசனை... அறுத்த ஜிப்சம் தூசி, கூடவே அப்போதுதான் சீவிய பென்சில் வாசனை. ஒன்பதாவது எரிந்துகொண்டிருந்தது. ஒயர் ரொம்ப நீளமானால் கடைசி விளக்கு சோர்ந்து எரியுமே, அந்த மாதிரி. எங்கிருந்தோ, ரொம்பத் தூரத்திலிருந்து கரண்ட் வருகிற மாதிரி.

சுவிட்சைப் போட்டான். எட்டும் எரிந்தது. அணைத்தான். எட்டும் அணைந்தது. ஒன்பதாவது அப்படியே. மெயினை இறக்கினான். உள்ளே ஃபிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அந்த அமைதியில்தான் சத்தம் கேட்டது.

ஸ்ர்ர்ர்ர்...

ஸ்டீல் டேப்பை இழுக்கிற சத்தம். சீலிங்குக்கு மேலே. சுவரிலிருந்து புறப்பட்டு... மெதுவாக... நின்றது.

கிச்... கிச்.

பென்சில். இரண்டு கோடு.

விர்ர்ர்... டக். டேப் உள்ளே ஓடிவிட்டது. கொஞ்சம் அமைதி. மறுபடி ஸ்ர்ர்ர்ர்...

போர்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான். எலி போகலாம். வேறு யார் போக முடியும்?

தொழில்காரன் புத்தி பாருங்கள், ஏணியைக் கொண்டுவந்து போட்டான். ஏறி வளையத்தைப் பிடித்து இழுத்தான். ஸ்பிரிங் விரலில் அடித்தது. வளையமும் கண்ணாடியும் கையோடு வந்துவிட்டது. கையில் வந்தது இருட்டாக இருந்தது. வெளிச்சம் ஓட்டையில் இருந்தது.

திரும்ப மாட்டிவிட்டு இறங்கினான். எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பயம் ஒரு மணி நேரம்தான் இருந்தது என்றான். அப்புறம் வந்தது வெட்கம். ஏனென்றால் அவனுக்குப் புரிந்துவிட்டது... அவர் பழிவாங்க வரவில்லை. எங்கே தப்பாகப் போட்டோம் என்று திரும்பத் திரும்ப அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் பெண்கள் வந்துவிட்டார்கள். ராத்திரி அதே ஏழே முக்காலுக்கு விளக்கு வந்தது.

"என்னங்க, இது எரியாதுன்னீங்களே?" என்றாள் மனைவி.

"லூஸ் கனெக்ஷன்" என்றான். ஒயரே இல்லாத விளக்குக்கு லூஸ் கனெக்ஷன்.

மாமியார் மேலே சத்தம் வந்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நாற்பத்து நாலு வருஷம் கூட இருந்தவர். டேப்பை அவர் எப்படி இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று தெரியாதா? பயப்படவே இல்லை. ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில்தான்.

"விடுங்களேன்" என்றார் மேலே பார்த்து. "ஒரு மார்க்தானே. யாருதான் தப்பு பண்ணல..."

ஸ்ர்ர்ர்ர்...

"நான் சிரிச்சிருக்கக் கூடாது. உங்களுக்கு முடியலன்னு தெரிஞ்சும் சிரிச்சேன் பாருங்க. என்னைச் சொல்லணும்."

தினமும் இதே நேரம். தினமும் இதே சமாதானம். அவர் செய்யாத தப்பை அவருக்கு மன்னித்துக்கொண்டு அந்தம்மா உட்கார்ந்திருக்க, டெஸ்டர் படுக்கையறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வேலைக்குப் போன இடத்தில் யாராவது டேப்பை இழுத்தால் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பான். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பான். அத்தை என்பான். என்ன மாப்பிள்ளை என்பார். தண்ணி வேணும் என்பான்.

ஒரு நாள் பெண்கள் இருவரும் கடைக்குப் போன சமயம் விளக்குக்குக் கீழே போய் நின்றான். "மாமா, உங்க மார்க் சரிதான். நான்தான் மாத்தி வெட்டினேன்" என்று கிசுகிசுத்தான். டேப் நின்றது. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... இவனுக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்தான்.

ஸ்ர்ர்ர்ர்...

"எப்படி நிக்கும்?" என்றார் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த வாட்ச்மேன். "மானத்தை வாங்கினது எல்லார் முன்னாடி. மன்னிப்பு மட்டும் காதோடயா?"

விளக்கு எரிய ஆரம்பித்து நாற்பத்தோராவது நாள். அன்றைக்கு மாமியாருக்குக் காய்ச்சல். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மேலே வழக்கம்போல அளவு நடந்தது.

"உங்க மூளை கலங்கிப் போச்சேன்னு நான் ஒரு நாளாவது கோவிச்சுக்கிட்டேனா? சொல்லுங்க. கலங்கினாலும் நீங்க நீங்கதானே. போய்த் தூங்குங்க..."

டெஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை.

"அத்தை, மாமாவுக்கு ஒண்ணும் கலங்கல."

மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னான். துடைத்த துணி, உடைந்த கொக்கி, முதுகுக்குப் பின்னால் உடைத்த வட்டம். அடிப்பார்கள், திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது. யாரும் திட்டவில்லை. மனைவி இவனைப் பார்க்கவில்லை, கையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டாக்டர்கிட்ட போனீங்களே... அப்பவும் சொல்லலியா?"

"இல்ல அத்தை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மேல சொல்லுங்க. சத்தமா" என்றார்.

படுக்கையறை நிலையில் முதுகு பட நின்றுகொண்டு சொன்னான். "மாமா! நீங்க ரெண்டடியிலதான் போட்டீங்க. தப்பு என்னோடது!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

மேலே டேப் நின்றது.

அப்புறம் புறப்பட்டது. ஆனால் சீலிங்கில் இல்லை. சுவருக்குள் இறங்கியது. ஸ்ர்ர்ர்ர்... மூன்று பேரும் அந்தச் சத்தத்தோடு தலையைத் திருப்பினார்கள். இறங்கி... நிலைக்கு வந்து... தரைக்கு வந்து... நின்றது. டெஸ்டரின் குதிகாலில் சில்லென்று ஒரு விளிம்பு பட்டது. ஸ்டீல். அது மேலே ஏறியது. கெண்டைக்கால், முதுகு, பிடரி. அவசரமே இல்லாமல். அவன் அசையவில்லை. தலைக்குப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே...

கிச்... கிச்.

விர்ர்ர்... டக்.

விளக்கு அணைந்தது. பென்சில் வாசனையும் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அந்த வீட்டில் சத்தம் கிடையாது.

"அப்பாடா" என்றார் பிளம்பர்.

இருங்கள். மறுநாள் காலையில் மனைவி நிலையில் பார்த்தாள். மரத்தில் ஒரு குட்டிப் பெருக்கல் குறி. ஊசிப் பென்சிலில் போட்டது. "இங்க வந்து நில்லுங்க" என்றாள். போய் நின்றான். அவள் உள்ளங்கையைத் தட்டையாக அவன் தலையில் வைத்துப் பார்த்தாள். பெருக்கல் குறி மூன்று விரல் கீழே இருந்தது.

டெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தோரு நாள் பாரம் இறங்கிய சிரிப்பு. யோசிக்காமலே வாய் திறந்துவிட்டது.

"மூணு விரல் தப்பாப் போட்டுட்டாரு மாமா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மனைவி கையை எடுத்துக்கொண்டாள். மாமியார் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவனுக்குத் தன் நாக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் டைல்ஸ்காரர்.

டெஸ்டர் சொன்னது அவ்வளவுதான். மிச்சம் நான் பார்த்தது. நாலு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தது டெஸ்டர். அவனும் நானும் ஒரே உயரம். சைட்டில் சட்டை நனைந்தால் மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள். பேசும்போது ஏதோ உறுத்தியது. அவன் கண்ணைப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது. பேன்ட்டின் கால் விளிம்பை மடித்துத் தைத்திருந்தார்கள், புது நூல்.

சுவரெல்லாம் முடித்துவிட்டுப் படுக்கையறை நிலைக்கு பிரஷ்ஷை எடுத்துப் போனேன்.

"அங்க மட்டும் வேணாம் தம்பி" என்றார் அந்தம்மா பின்னாலிருந்து.

ஏம்மா என்றேன். அவர் உள்ளே பார்த்து, மரியாதையாக, "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து நில்லுங்க" என்றார்.

வந்தான். என்னைப் பார்க்கவில்லை. பழகிப்போனவன் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, நிலையில் முதுகைக் கொடுத்து, குதிகாலை ஒட்ட வைத்து, தாடையை நேராக்கி நின்றான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பெருக்கல் குறி உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது. ஒரு மயிரிழை மேலே இல்லை, கீழே இல்லை.

அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தீங்களா தம்பி? எங்க வீட்டுக்காரர் போட்டா சரியாத்தான் இருக்கும்."